ஸ்ரீதர் வேம்புவின் தென்காசி வழி நம் மலைக்குப் பொருந்துமா?

கேள்வி: கோத்தகிரிக்காரி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்காகக் கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதி வருகிறேன். என்னுடன் படித்த இருவரும் நானும் சேர்ந்து பசுந்தேயிலைக் கணக்குக்கு ஒரு செயலி உருவாக்கலாம் என்று நெடுநாளாகப் பேசி வருகிறோம். எங்கள் ஊரில் இலை ஏஜெண்ட் வண்டியோடு வந்து, மூட்டையைத் தராசில் மாட்டி, சாக்கு எடைக்கும் ஈரத்துக்கும் இத்தனை கிலோ என்று கழித்துக்கொண்டு மீதியைச் சிறு நோட்டில் எழுதித் தருவார். மழைக்காலத்தில் அந்த ஈரக் கழிவு எவ்வளவு என்பதில்தான் வாக்குவாதமே தொடங்கும். மாதக் கடைசியில் விலை போட்டுப் பணம் தரும்போது விவசாயியின் நோட்டும் ஏஜெண்டின் கணக்கும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை.

இந்த வேலையில் முழுமையாக இறங்க நினைக்கிறேன் என்று வீட்டில் சொன்னதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தை உருவாக்கிய ஸ்ரீதர் வேம்புவைத்தான். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டே உலகம் முழுவதும் விற்கும் நிறுவனத்தை அவர் நடத்தவில்லையா, நீயும் வேலையை விட்டுவிட்டு இங்கேயே அலுவலகம் திற என்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் எங்களுக்கு முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பதில் 1: குன்னூர் வாசி

சகோதரி, நீங்கள் வரிசையைக் கேட்டது மிகவும் சரி. சென்னையில் பல ஆண்டுகள் இதே துறையில் இருந்துவிட்டு இங்கு வந்து குடியேறியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த வேம்பு, 1989இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்தார். 1994இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் கம்பியில்லாத் தொடர்பு குறித்த பணியில் சேர்ந்தார். 1996இல் அவரும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் சேர்ந்து உருவாக்கிய அட்வென்ட்நெட் என்ற நிறுவனம்தான் இன்றைய ஸோஹோ. அது முதலில் விற்ற பொருளைப் பொதுமக்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். வலையமைப்பில் உள்ள ரௌட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகள் தம் நிலையைத் தெரிவிக்க எஸ்.என்.எம்.பி. என்றொரு நெறிமுறை உண்டு. அதைத் தம் கருவிகளில் எளிதாகச் சேர்க்க விரும்பிய கருவித் தயாரிப்பாளர்களுக்கு வேண்டிய மென்பொருளைச் செய்து கொடுத்தார்கள். அதற்கான சந்தை மிகச் சிறியது. ஆனால் அது தேவைப்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

2001ஐ ஒட்டி அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அந்த வாடிக்கையாளர்களில் பலர் காணாமல் போனார்கள். என் பார்வையில் அவருடைய தொழில் வாழ்வின் முக்கியமான கட்டம் இதுதான். கருவி செய்பவர்களையே நம்பியிருந்த நிறுவனம், அந்தக் கருவிகளை வாங்கி நிர்வகிக்கும் அலுவலகங்களை நோக்கித் திரும்பி, 2002இல் மேனேஜ்என்ஜின் என்ற மென்பொருள் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் வந்த வருமானத்தைக் கொண்டே 2005இல் இணையவழி எழுத்துச் செயலியும் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளும் ஸோஹோ என்ற பெயரில் வெளிவந்தன. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, 2011இல்தான் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வந்தது. அவர் அங்கேயே தங்கத் தொடங்கியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. தொடக்கத்துக்கும் மத்தளம்பாறைக்கும் இடையில் 15 ஆண்டுகள் இருக்கின்றன என்பதை உங்கள் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வெளி முதலீட்டாளர்களின் பணத்தை வாங்கவில்லை. நிறுவனம் இன்றும் பங்குச் சந்தையில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் முதலீட்டாளர் இருந்திருந்தால், சென்னையை விட்டுவிட்டுத் தென்காசி எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பார். கிராமத்துக்குப் போகும் உரிமையை அவர் சொந்த லாபத்தில் சம்பாதித்துக்கொண்டார். 2022இல் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியதைப் பலர் பேசுகிறார்கள். எனக்கோ, வருமானம் மிகச் சிறிதாக இருந்த நாளிலும் செலவை அதற்குள் அடக்கி நடத்தியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பதில் 2: கூடலூர் ஆசிரியர்

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தென்காசியில் நடந்ததைப் பணம் வந்த பிறகு எடுத்த ஒரு முடிவு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அதற்கு முன்பே, 2000களின் நடுப்பகுதியில், பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, நிறுவனத்துக்குள்ளேயே நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை அவர்கள் தொடங்கிவிட்டார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவரும் நல்ல பொறியாளர் ஆக முடியும் என்பதைச் சென்னையில் செய்து பார்த்திருந்ததால்தான், ஊர்ப்புறத்தில் ஆள் கிடைக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு எழவில்லை.

தென்காசிக்குக் கொடுத்த வேலை என்ன என்பதையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவானது. தலைமையகம் செய்து மிஞ்சிய வேலையை ஊருக்கு அனுப்பியிருந்தால், திறமையுள்ள பிள்ளைகள் இரண்டு ஆண்டில் சென்னைக்கு மாறுதல் கேட்டிருப்பார்கள். முழுப் பொறுப்பும் கையில் இருக்கும்போது ஊரில் இருப்பது குறையாகத் தெரியாது. என்னிடம் படித்தவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய் ஏதோ ஒரு வேலையில் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. கோத்தகிரியில் நீங்கள் ஒருவருக்கு வேலை கொடுத்தாலும் இந்தப் பொறுப்போடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: இந்து நகர்

என் தந்தை ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் பணியாற்றியவர். 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. மலையில் தொழில்நுட்பம் வளராது என்று சொல்பவர்களுக்கு அந்த ஆலையே பதில். தூசி படாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் இந்த மலை பிலிம் செய்வதற்குப் பொருத்தமாகவே இருந்தது. கருப்பு வெள்ளையிலிருந்து உலகம் வண்ணத்துக்கு மாறியபோது அது பின்தங்கியது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதை நம்பியிருந்த குடியிருப்பு முழுவதும் ஒன்றாகத் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே ஸ்ரீதர் வேம்புவின் கதையில் 2002இல் நிறுவனம் திரும்பிய திருப்பத்தைத்தான் நானும் முதலில் பார்க்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, வாங்குபவர் மாறும்போது தாமும் மாறுவது கடினம். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பைச் சைலேஷ் குமார் டேவியிடம் கொடுத்துவிட்டு அவர் தலைமை விஞ்ஞானியாகி ஆராய்ச்சிப் பக்கம் போனதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சி என்று கருதுகிறேன்.

நடைமுறையில் ஒன்று: தென்காசிப் பக்கம் சமவெளி நிலம். இங்கே மண் சரிவும், மலைப்பகுதிக் கட்டட விதிகளும், காற்றுமழையில் மரம் விழுந்து மின்சாரமும் இணைய இணைப்பும் சேர்ந்து போவதும் உண்டு. கட்டடத்தில் காசைப் போடாதீர்கள்.

கோத்தகிரிக்காரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலக யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. செயலியைச் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்துப் பரப்பிவிட்டு, பிறகு வருமானத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?

குன்னூர் வாசி

வேண்டாம் என்பது என் கருத்து. முதலீட்டாளர் பணம் கையில் இருப்பவர்கள் அப்படிச் செய்யலாம். உங்களுக்கு மாதச் சம்பளம்தான் மூலதனம். அட்வென்ட்நெட் முதல் நாளிலிருந்தே காசு கொடுப்பவருக்கு விற்றது. உங்கள் விஷயத்தில் காசு கொடுக்கக்கூடியவர் ஏஜெண்டுகள் வழியாக இலையை வாங்கும் தேயிலைத் தொழிற்சாலைக்காரர். ஏஜெண்டுகள் கொண்டுவரும் எடையும் விவசாயியின் நோட்டும் ஒத்துப்போனால், விலை கொடுக்கும் நாளில் அவருக்கு வரும் தகராறு குறைகிறது. இலை வேறு தொழிற்சாலைக்குப் போகாமல் நிற்கிறது. விவசாயிக்கு இலவசமாகவே இருக்கட்டும், ஆனால் கட்டணத்தைத் தொழிற்சாலையிடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள். தோட்டத்துக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், இணைப்பு இல்லாமலேயே எடையைப் பதிந்துகொண்டு, சாலைக்கு வந்ததும் தானாக அனுப்பும்படி செய்யுங்கள். வேலையை விடாமல், மே மாதத்துக்குள் ஒரே ஒரு தொழிற்சாலையையும் இரண்டு ஏஜெண்டுகளையும் பிடியுங்கள். ஈரக் கழிவுத் தகராறு முற்றும் ஜூன், ஜூலையில் அந்த இரண்டு ஏஜெண்டுகளும் அதை விடாமல் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். அடுத்ததை அப்போது பேசுவோம்.