புதுப்பிப்பு: துத்தநாக ஆக்சைடு டயோடு வேலை செய்துவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேன்: துத்தநாக ஆக்சைடு படிகத்தின் மேல் தங்கம் படியவைத்தால் டயோடு, அதாவது ஒரு பக்கம் மட்டும் மின்னோட்டம் விடும் சாதனம், வரவேண்டும், எனக்கோ இரு பக்கமும் மின்னோட்டம் தாராளமாகப் பாய்கிறது. தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட், படிகத்தின் எலக்ட்ரான் நாட்டம் (வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது விடும் ஆற்றல்) சுமார் 4.2. கழித்தால் எல்லையில் எலக்ட்ரான்களை மறிக்கும் 0.9 எலக்ட்ரான் வோல்ட் உயரத் தடுப்பு நின்றிருக்க வேண்டும்.

தங்கம்தான் காரணம் என்று அப்போது உலோகத்தைக் குறை சொன்னேன்; அது தவறு. கோளாறு படிகத்தின் தோலில் இருந்தது. காற்றுப் பட்டதும் அதன் மேல் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) படலம் ஒட்டிக்கொள்கிறது. அது எலக்ட்ரான்களை மேற்பரப்பில் குவித்துக் கடத்தும் ஏடாக்கிவிடுகிறது. ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டி) சூடான ஹைட்ரஜன் பெராக்சைடில் படிகத்தை வைத்தேன். ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. அப்புறம் போட்ட தங்கம் ஓரளவு டயோடாக நடந்துகொண்டது.

உண்மையான மாற்றம் வெள்ளி ஆக்சைடால் வந்தது. ஆக்சிஜன் கலந்த ஆர்கானில் வெள்ளியை ஸ்பட்டர் செய்தேன், அதாவது அயனிகளால் மோதித் தெறிக்கவைத்து ஆக்சைடாகப் படியவைத்தேன். வெறும் உலோகம் படியும்போது எல்லையில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்கள் உருவாகி, தடுப்பை 0.7 அருகே கட்டிப்போடுகின்றன. ஆக்சைடுத் தொடுமுனை அந்த இழப்பைத் தடுக்கிறது. எனக்குக் கிடைத்த தடுப்பு 1.1, இலட்சியக் காரணி (1-ஐ நெருங்க நெருங்க நல்ல டயோடு) 1.1. வரைபடத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அளக்கும் முன் படிகத்தை இருட்டில் வையுங்கள்; வெளிச்சத்தால் கூடிய கடத்தல் மெல்லத்தான் அடங்கும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாகியும் என் கசிவு மின்னோட்டம் (தடுக்கும் திசையில் ஒழுகுவது) இறங்கிக்கொண்டே இருந்தது. சரி, அடுத்து வெள்ளி ஆக்சைடுக்குப் பதில் இரிடியம் ஆக்சைடு.