அங்பாவில் ஒரு வெள்ளி கூடுதலாக வைத்த நாள்

பினாங்கு உறுப்பினர்:
என்னுடன் வேலை செய்த ஹொக்கியன் (சீனரில் ஒரு மொழிப்பிரிவு) பெண்ணின் திருமண விருந்துக்குச் சென்றபோது, மொய் என்றால் நூற்றுடன் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் பழகிய வழக்கப்படி, அங்பாவ் எனப்படும் சிவப்புப் பண உறைக்குள் 101 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருந்தேன். வரவேற்பு மேசையை நெருங்கும் முன்பே உடன் வந்த சீன நண்பர் பேச்சுவாக்கில் தொகையைக் கேட்டார். சொன்னதும் என்னை ஓரமாக அழைத்துப்போய் அந்த ஒரு வெள்ளியை எடுத்துவிடச் சொன்னார். திருமணம் இருவர் இணைவது என்பதால் தொகை இரட்டைப்படையில் இருக்க வேண்டும் என்றும், ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு உரியது என்றும் அவர் விளக்கினார். இரட்டைப்படையிலும் நான்கு கூடாது. ஹொக்கியனில் நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கின்றன. உறவு முடிந்துவிடாமல் தொடர வேண்டும் என்று நாம் சேர்க்கும் அதே ஒன்று, அங்கே அபசகுனமாகிவிடுகிறது.

ஈப்போ உறுப்பினர்:
உறைக்குள் இருப்பதைவிட அதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே என்னை அதிகம் கவர்ந்தது. பக்கத்து வீட்டுக் கான்டனீஸ் சீனக் குடும்பத்தின் தேநீர்ச் சடங்கில், செம்பேரீச்சையும் லோங்கான் பழமும் இட்ட இனிப்புத் தேநீரை மணமக்கள் மண்டியிட்டு மூத்தவர்களுக்கு வரிசைப்படி கொடுக்க, அவர்கள் பருகிவிட்டு அங்பாவோ நகையோ அளித்தார்கள். இளையவர்களின் முறை வந்ததும் நிலைமை மாறியது: அவர்கள் தேநீர் கொடுக்க, மணமக்கள் அங்பாவ் தந்தார்கள். தேநீரை நீட்டும்போது முறை சொல்லி அழைக்க வேண்டும். அப்பாவின் அண்ணன் 'பாக்', தம்பி 'சுக்', அம்மாவுடன் பிறந்தவர் 'கௌஃபு'. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும் இவர்களைப் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்தே பழகிய எனக்கு, முறை தவறிவிடக்கூடாது என்ற மணமகளின் பதற்றம் நன்றாகவே புரிந்தது. ஓரிடத்தில் மட்டும் நான் தடுமாறினேன்: அம்மாவின் அக்கா தங்கையான பெரியம்மா, சித்தி பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களுக்கோ மாமன் பிள்ளைகளோடு சேர்த்து 'பியூ' என்ற வேறு வகை.

சிங்கப்பூர் உறுப்பினர்:
முதல் பதிவில் வந்த ஒற்றைப்படை எனக்குக் கைகொடுத்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த துக்க நிகழ்வில், 'பெக் கிம்' எனப்படும் துக்கப் பணமாக வெள்ளை உறையில் 51 வெள்ளி வைத்தேன். அங்கே ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் தந்தார்கள். நூலை விரலில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் போட்டுவிட வேண்டும் என்று பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் சொன்னபடியே, மின்தூக்கியில் ஏறும் முன் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அம்மாவுக்கு அது போதவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் எதையும் தொடக்கூடாது என்று துண்டுடன் வாசலிலேயே நின்றிருந்தார்.