தைப்பூச நடைக்கு முன் ட்ரெய்லர் கொக்கியில் ‘டக்’ சத்தம்: என்ன பார்க்க வேண்டும்?

கானாடுகாத்தான் வண்டி:
வணக்கம். என்னிடம் நாலு பேர் படுக்கும் சின்ன கேம்பிங் ட்ரெய்லர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சாமான் ஏற்றினால் 600 கிலோ. மார்கழியில் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் வந்தோம். அதற்குப் பிறகு கப்ளரின், அதாவது கார் கொக்கியின் உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் முனையின், வாயெல்லாம் துரு. தட்டினால்தான் தாழ்ப்பாள் விழுகிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் ‘டக்’ என்று ஓர் அடி, என் முதுகில் தெரிகிறது.

தையில் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களோடு இந்த வண்டியும் போகும். தண்ணீரும் மருந்தும் அதில்தான். பின்னால் நடந்து வருவது என் அம்மாவும் பெரியப்பா மக்களும். மேட்டில் கொக்கி கழன்றால் அவர்கள் மேல்தான் உருளும். இரண்டு நாளாக இதே நினைப்பு. உருண்டைக்குக் கிரீஸ் போடலாமா என்பதற்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

திருப்புத்தூர் பட்டறை:
அண்ணே, கிரீஸ் அப்புறம். உருண்டையின் தலையில் என்ன அளவு அடித்திருக்கிறது, கப்ளரின் மேல் என்ன அளவு என்று முதலில் பாருங்கள். 50 மில்லிமீட்டரும் உண்டு, இரண்டு அங்குலமும் உண்டு, அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு அங்குலக் கப்ளரில் 50 உருண்டையை மாட்டினால் தாழ்ப்பாள் விழும், வண்டியும் ஓடும். ஆனால் உள்ளே ஆட்டம் இருக்கும். அடித்து அடித்து இரண்டையும் தேய்த்துவிடும். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

அடுத்தது முன்பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கே கப்ளர் தூக்கித் தூக்கி அடிக்கிறது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். உங்களுக்கு 60 முதல் 90 கிலோ. காரின் கொக்கிக்குக் குறித்திருக்கும் உச்ச அளவையும் தாண்டக் கூடாது. ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, கப்ளரை மண்டித் தராசில் இறக்கிப் பாருங்கள். தண்ணீர்க் கேன்களை எங்கே அடுக்குகிறீர்கள்?

மாட்டி முடித்ததும் ட்ரெய்லரின் முன்சக்கர ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

காரைக்குடி ஓய்வு:
1953-இல் இங்கே திறந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் துருவோடுதான் என் வேலைக்காலம் போனது. கடல் மணலின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் அடியில் துரு வளரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துத்தநாக பிரைமர், மேலே பெயின்ட். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கப்ளரின் உட்குழியில் பெயின்ட் வேண்டாம், அங்கே மெல்லிசாகக் கிரீஸ். நம் செம்மண் புழுதி கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதனால் பழையதை மண்ணெண்ணெயில் துடைத்த பிறகே புதிது. ஆட்டத்தை அடக்க உருண்டையை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை வைத்த கப்ளராக இருந்தால் மட்டும் ஒரு துளி கிரீஸும் கூடாது.

தேவகோட்டை மீனா:
அண்ணே, சங்கிலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் இரண்டு சங்கிலியையும் ட்ரெய்லரின் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் தரையில் குத்தாமல் தொட்டில் மாதிரி தாங்கும். வளைவில் இழுபடாத நீளம் வேண்டும், ரோட்டில் உரசவும் கூடாது.

தாழ்ப்பாள் ஓட்டையில் வெறும் பின் போதாது. போன வருடம் சிங்கம்புணரியில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எங்கள் பின் கீழே கிடந்தது. யார் எடுத்தார்களோ தெரியவில்லை. அன்றிலிருந்து அதில் பூட்டுதான், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். இரவில் கழற்றி வைப்பதானால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு கழற்றுங்கள்.

கானாடுகாத்தான் வண்டி:
தம்பி சொன்னது அப்படியே சரி. கப்ளர் இரண்டு அங்குலம், உருண்டை 50. உருண்டையை மாற்றிவிட்டேன். தராசில் 24 கிலோதான் காட்டியது! 20 லிட்டர் கேன் ஐந்தையும் பின்கதவோரம் அடுக்கியிருந்தேன். அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தியதும் 72. கேன்கள் காலியானாலும் அறுபதுக்குக் கிட்டவே நிற்கும் என்று கணக்குப் போட்டேன். குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு வேகத்தடையிலும் சத்தம் இல்லை.

ஐயா, நாளை கழுவிக் காயவைத்து பிரைமர் அடிக்கிறேன். மீனா, சங்கிலி வாங்கிவிட்டேன். சங்கிலிக் கொக்கி இரண்டையும் நடையில் அம்மாவே தினமும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.