"மாண்டரின் பேசுவோர் மட்டும்" என்று விளம்பரம்: புகார் கொடுக்கலாமா?

உட்லண்ட்ஸ்வாசி:
சிங்கப்பூரில் கிடங்கு நிர்வாகி வேலைக்கான விளம்பரம். "மாண்டரின் பேசுவோர் மட்டும்" என்று ஒரு வரி, காரணம் கிடையாது. இதை எங்கே சொல்வது? கையில் என்ன இருக்க வேண்டும்? புதுச் சட்டம் வந்துவிட்டது, நேரே வழக்குப் போடலாம் என்கிறார்களே, உண்மையா?

மனிதவளப் பக்கம்:
மொழி கேட்பது மட்டுமே தப்பில்லை. மாண்டரின் மட்டுமே பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலை என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதிக் கேட்கலாம். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் எதிர்பார்ப்பது அந்தக் காரணத்தைத்தான். இருப்புக் கணக்கும் லாரி நேரமும் பார்ப்பவருக்கு என்ன காரணம் சொல்வார்கள்? "எங்க டீம்ல எல்லாரும் மாண்டரின்தான்" என்பார்கள். அதை ஒப்புக்கொண்டால் அந்த டீமுக்குள் வேறு யாரும் நுழையவே முடியாது.

முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். நிறுவனப் பெயர், தேதி, இணைய முகவரி, வேலைப் பொறுப்புகள் எல்லாம் தெரிய முழுப் பக்கத்தையும் எடுங்கள். விசாரணை என்றதும் அந்த வரி காணாமல் போய்விடும். நேர்காணலில் ஏதாவது கேட்டிருந்தால் அன்றைக்கே, கேட்ட வார்த்தையிலேயே குறித்து வையுங்கள்.

பிறகு, வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பின் (TAFEP) இணையத்தளத்தில் புகார். "இனவாதிகள்" என்று கொட்டித் தீர்க்காமல், விளம்பர வரியையும் வேலைப் பொறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பொருந்தவில்லை என்று காட்டினால் போதும். விசாரணையில் தப்பு உறுதியானால் மனிதவள அமைச்சு அந்த நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளை, அதாவது வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் வசதியை, நிறுத்தி வைக்கலாம். முதலாளிகள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் புகார் கொடுத்தவருக்கு அந்த வேலையோ இழப்பீடோ கிடைத்துவிடாது.

சட்டப்பிரியன்:
வழக்கு விஷயம்: வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, தகராறுகளைத் தீர்க்கும் இரண்டாம் பகுதி அதே ஆண்டு நவம்பரில். நடைமுறைக்கு வருவது 2027 இறுதியில் என்று அறிவித்திருக்கிறார்கள். இனம், சமயம், மொழித்திறன், வயது எல்லாம் அதில் உண்டு. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு, அதனால் ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள்.

வேலையை விட்டே தூக்கியிருந்தால் கதை வேறு. பாகுபாட்டால் நீக்கினார்கள் என்று, வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் டாடிஎம்மில் (TADM) இப்போதே கோரிக்கை கொடுக்கலாம், கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்: நிறுவனத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள், கெடு ஓடிவிடும்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி இருவருக்கும். வாடகை அறைக்கு "இந்தியர் வேண்டாம்" என்று போடுகிறார்களே, அதுவும் டாஃபெப்பா?

மனிதவளப் பக்கம்:
இல்லை, அது வேலை இடத்துக்கு மட்டும். சொத்து முகவர் போட்ட விளம்பரம் என்றால் R-இல் தொடங்கும் அவருடைய பதிவு எண்ணோடு படம் எடுத்து, முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏ-வுக்கு (CEA) அனுப்புங்கள். உரிமையாளரே போட்டிருந்தால் அந்த இணையத்தளத்திடம் சொல்லி நீக்கச் சொல்லலாம், அதற்கு மேல் பிடி குறைவு. இனத்தைச் சொல்லாமல் "சமையல் கொஞ்சமாகத்தான் செய்யலாம்" என்று எல்லாருக்கும் ஒரே நிபந்தனை வைத்தால் அதைப் பாகுபாடு என்று நிறுவுவது கஷ்டம்.