பிகேஎக்ஸெக் ஓட்டை: செட்யூஐடி அனுமதியை நீக்கினால் மட்டும் போதுமா?

மருதன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்து வருகிறேன். அங்குள்ள கணினிகள் அனைத்திலும் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. ஆய்வகத்துக்கு இணைய இணைப்பு கிடையாது என்பதால், நிறுவிய நாள் முதல் எந்தப் புதுப்பிப்பும் அவற்றை எட்டவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. சூடோ உரிமை, அதாவது நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்கும் உரிமை, எவருக்கும் இல்லை.

பவ்ன்கிட் என்று பெயரிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை (பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-4034) இந்தக் கணினிகளில் திறந்தே கிடக்கிறது என்பதை அண்மையில் அறிந்தேன். வேறொரு பயனரின் அதிகாரத்தில் ஒரு செயலியைத் தொடங்கித் தருவதுதான் பிகேஎக்ஸெக்கின் வேலை. அதற்குமுன் அது கடவுச்சொல்லைக் கேட்கிறது. அப்படியிருக்க, கடவுச்சொல் தெரியாத மாணவர் எப்படி ரூட், அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி, ஆக முடிகிறது? யாருக்கு அனுமதி உண்டு என்று முடிவு செய்யும் போல்கிட் சேவையை நிறுத்தி வைத்தால் ஆபத்து நீங்கிவிடுமா? அல்லது பிகேஎக்ஸெக் கோப்பின் செட்யூஐடி அனுமதியை (யார் தொடங்கினாலும் நிரலை அதன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தில் இயக்கும் அனுமதி) நீக்குவதே போதுமா?

செந்தூரன் பதில்:

மருதன், இது தொலைவிலிருந்து தாக்கக்கூடிய ஓட்டை அன்று. கணினியில் ஏற்கெனவே நுழைந்துவிட்டவரால்தான் பயன்படுத்த முடியும். உங்கள் ஆய்வகம் வெளியுலகோடு இணைக்கப்படவே இல்லை. ஆகவே தேர்வுக்காலத்தில் அவசரப்பட்டு எதையும் மாற்றாமல், விடுமுறையில் நிதானமாகச் செய்யலாம் என்பது என் கருத்து. சேவையை நிறுத்துவது தற்காலிகத் தீர்வாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

யாழினி பதில்:

செந்தூரன் அவர்களின் இரண்டு கருத்துகளையும் மறுக்க வேண்டியிருக்கிறது. போல்கிட் சேவை இயங்காத நிலையிலும் இந்த ஓட்டை வேலை செய்யும். ஏனெனில் பிழை இருப்பது பிகேஎக்ஸெக் என்னும் தனி நிரலின் தொடக்க வரிகளில்; யாருக்கு அனுமதி உண்டு என்று அந்தச் சேவையிடம் கேட்கும் கட்டத்துக்கு நிரல் போய்ச் சேருவதற்கு முன்பே தாக்குதல் முடிந்துவிடுகிறது. கடவுச்சொல் ஏன் தேவைப்படவில்லை என்ற உங்கள் கேள்விக்கும் விடை இதுவே.

நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லினக்ஸில் ஒரு நிரலைத் தொடங்கும்போது அதற்கு இரண்டு பட்டியல்கள் கொடுக்கப்படுகின்றன: ஒன்று கட்டளை வரிச் சொற்கள், மற்றொன்று சூழல் மாறிகள் (நிரலின் நடத்தையை அமைக்கும், பெயரும் மதிப்பும் கொண்ட குறிப்புகள்). இரண்டும் நினைவகத்தில் அடுத்தடுத்து அமைகின்றன. முதற் பட்டியலின் முதல் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்பது வழக்கமே தவிரக் கட்டாயம் அன்று. அந்தப் பட்டியலை முற்றிலும் வெறுமையாக அனுப்பியும் ஒரு நிரலைத் தொடங்கலாம், சி மொழியின் தரநிலையும் அதை அனுமதிக்கிறது. பிகேஎக்ஸெக்கை எழுதியவர்கள் இந்த நிலையை எண்ணிப் பார்க்கவில்லை. எந்தச் செயலியைத் தொடங்க வேண்டும் என்று அறிய அது இரண்டாவது இடத்தைப் படிக்கிறது; பட்டியல் வெறுமையாக இருந்தால் அந்த இடத்தில் கிடைப்பது முதல் சூழல் மாறி.

படிப்பதோடு நின்றிருந்தால்கூடப் பெரும் கேடு விளைந்திராது. கிடைத்த பெயர் முழுப் பாதையாக இல்லையென்றால், பிகேஎக்ஸெக் அதைத் தேடிக் கண்டுபிடித்து, முழுப் பாதையை அதே இடத்தில் திரும்ப எழுதிவிடுகிறது. அதாவது தாக்குபவர் விரும்பும் ஒரு சூழல் மாறி அங்கே புதிதாக வந்து அமர்கிறது. செட்யூஐடி நிரல் ஒன்று தொடங்கும்போது ஆபத்தான சூழல் மாறிகளை எல்லாம், அதை நினைவகத்தில் ஏற்றும் ‘ஏற்றி’ நிரல் முன்கூட்டியே நீக்கிவிடும். ஆனால் இந்த மாறியோ அந்தக் களையெடுப்பு முடிந்த பிறகு நுழைகிறது. இந்த ஓட்டையைக் கண்டறிந்து வெளியிட்ட குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் எடுத்துக்காட்டியது ஜிகான்வ்-பாத் என்ற மாறியை. எழுத்துக் குறியாக்க மாற்றத்துக்கான லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்வது அது. பிகேஎக்ஸெக் ஒரு பிழைச் செய்தியை அச்சிட முற்படும்படி செய்து, அந்தச் செய்திக்கு யூடிஎஃப்-8 அல்லாத குறியாக்கத்தையும் கேட்டால், தாக்குபவர் வைத்திருக்கும் லைப்ரரியே ரூட் அதிகாரத்துடன் ஏற்றப்பட்டு இயங்கும்.

நினைவகத்தைக் குலைக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு முகவரிகளை ஊகிக்க வேண்டும், பல முறை முயல வேண்டும். இதற்கு அந்தத் தேவையே இல்லை. முதல் முயற்சியிலேயே, எந்தக் கணினிக் கட்டமைப்பிலும் பலிக்கும். 2022 ஜனவரி 25 அன்று விவரம் வெளியான சில மணி நேரத்திலேயே இதற்கான தாக்குதல் நிரல்கள் இணையத்தில் பரவிவிட்டன. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா, நடைமுறையில் தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. உள்ளூர்க் கணக்கு தேவை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மாணவர் அனைவரிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது, யூஎஸ்பி நினைவகமும் இருக்கிறது! விடுமுறை வரை காத்திருப்பதை என்னால் எந்த வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, சிஎச்மாட் 0755 என்ற கட்டளையால் பிகேஎக்ஸெக்கின் செட்யூஐடி அனுமதியை நீக்குவது. அதன்பின் ஓட்டை வழியாக ரூட் அதிகாரம் கிடைக்காது. சூடோவுக்கு எந்தப் பாதிப்பும் நேராது. ஜிபார்ட்டட் போல பிகேஎக்ஸெக்கை நம்பியுள்ள வரைகலைச் செயலிகள் மட்டும் தொடங்க மறுக்கும்.

நிலையான தீர்வு, திருத்தப்பட்ட தொகுப்பை நிறுவுவதே. உபுண்டு 20.04க்கு அது 0.105-26உபுண்டு1.2 என்ற பதிப்பில் வந்தது. முன்பகுதி 0.105 என்றே நீடிப்பதால் பலர் பழைய பதிப்புதான் என்று குழம்புகிறார்கள், பின்பகுதியைப் பாருங்கள். பிகேஎக்ஸெக் அடங்கிய பாலிசிகிட்-1 தொகுப்போடு அதன் இரண்டு லைப்ரரித் தொகுப்புகளையும் ஒரே பதிப்பில் யூஎஸ்பியில் எடுத்துச் சென்று நிறுவலாம். அப்போது செட்யூஐடி அனுமதி தானாகத் திரும்பி வரும். திருத்தப்பட்ட நிரலில் அது இருப்பதில் தவறில்லை.

கதிரொளி பதில்:

யாழினி சொன்னவற்றோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். பிகேஎக்ஸெக்கின் முதல் பதிப்பு 2009 மே மாதத்தியது; பிழையும் அன்றிலிருந்தே இருக்கிறது. 2013இல் ஒருவர் இந்த வெற்றுப் பட்டியல் சிக்கலைக் கண்டு எழுதியும் இருக்கிறார். அதைத் தாக்குதலாக மாற்றும் வழி அவருக்குப் புலப்படாததால் அது கவனம் பெறாமலே போயிற்று. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வெற்றுப் பட்டியலுடன் நிரலைத் தொடங்கவே மறுத்துவிடும் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழவில்லை. லினக்ஸ் கர்னல் 5.18இல்தான், வெறும் பட்டியல் வந்தால் அதில் ஒரு வெற்றுச் சொல்லை நிரப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. உபுண்டு 20.04 வெளிவந்தபோது அதிலிருந்த 5.4 கர்னலில் அந்தக் காப்பு இல்லை. பிகேஎக்ஸெக்கில் செய்த திருத்தமோ சில வரிகள்தான்: சொற்களின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் உடனே வெளியேறிவிடு.

மருதன்:

மிக்க நன்றி. எல்லாக் கணினிகளிலும் செட்யூஐடி அனுமதியை நீக்கிவிட்டேன். தொகுப்புகளை நாளை நிறுவுகிறேன். இதற்கு முன் எவரேனும் இந்த ஓட்டையைப் பயன்படுத்தியிருந்தால் பதிவேடுகளில் தெரியுமா?

யாழினி பதில்:

சில வகைத் தாக்குதல்கள் தடயம் விடும். உள்நுழைவுப் பதிவேட்டில், ஷெல் மாறியின் (பயனரின் கட்டளை இடைமுகத்தைக் குறிக்கும் சூழல் மாறி) மதிப்பு ஷெல்கள் பட்டியலில் இல்லை என்றோ, ஒரு சூழல் மாறியில் ஐயத்துக்குரிய உள்ளடக்கம் இருக்கிறது என்றோ பிகேஎக்ஸெக் எழுதிய வரிகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கணினியைச் சந்தேகிக்கலாம். இல்லாவிட்டால் அதைத் தூய்மையானது என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்தத் தடயமும் இன்றி இதைச் செய்ய வழி உண்டு என்று குவாலிஸ் அறிக்கையே கூறுகிறது. தவிர, ரூட் ஆனவர் பதிவேட்டையும் அழித்திருக்கலாம்.

அதனால், மதிப்பெண்களோ வினாத்தாள்களோ சேமிக்கப்பட்ட கணினி ஏதேனும் இருந்தால் அதை முதலில் முழுமையாக மறுநிறுவல் செய்யுங்கள்; அதில் பயன்படுத்திய நிர்வாகக் கடவுச்சொல் வேறெங்கும் இருந்தால் அங்கும் மாற்றுங்கள். மறுநிறுவலுக்கு 20.04ஐ மீண்டும் எடுக்க வேண்டாம், அதன் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 24.04இல் பிகேஎக்ஸெக் தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வேறு மென்பொருள் எதுவும் அதைச் சார்ந்திராத கணினிகளில் அதை நிறுவாமலே விட்டுவிடலாம்.