புதுப்பிப்பு: தண்ணீர் கேனும் கீழ்முதுகு வலியும்

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது கீழ்முதுகு பிடித்துக்கொள்வதாக இந்த இழையில் எழுதியிருந்தேன். இப்போது வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தவை, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள்: ஒரு காலை மடக்கி மல்லாந்து படுத்து, கீழ்முதுகின் குழிவில் கைகளை வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி உடலை நேராக உயர்த்துவது), தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. எதையும் 10 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

எழுந்தவுடன் குனிந்து எடை தூக்குவதையும் நிறுத்திவிட்டேன். இரவில் முதுகெலும்பு வட்டுகள் (எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பவை) நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், அப்போது குனிந்தால் அவற்றின்மீது அழுத்தம் கூடுகிறது. கேனை உடலோடு ஒட்டியே எடுக்கிறேன்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, தயவுசெய்து பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.