முடிவு ஒரே மாதிரி ஒலிக்கும் நீண்ட ஆங்கிலச் சொற்கள்: மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

களுவாஞ்சிக்குடி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள், கருத்தும் சொல்வாள். சொல்வதெழுதலில்தான் புள்ளி போகிறது. நேற்று நானே 20 சொல் கொடுத்துப் பார்த்தேன். 11 பிழை.

கொப்பியை வைத்துக்கொண்டு பார்த்தால், பிழை எல்லாம் ஒன்றில் சொல்லின் முடிவில், இல்லாவிட்டால் எழுத்து இரட்டிக்கும் இடத்தில். எக்ஸாமினேஷனின் முடிவை எஸ்-எச்-ஏ-என் என்று எழுதியிருக்கிறாள். பெர்மிஷனுக்கு ரீ-ஐ-ஓ-என் (tion). மியூசிஷனுக்கு எஸ்-ஐ-ஓ-என். அக்கொமடேஷனை நாலு தரம் எழுதினாள், நாலும் நாலு விதம். "அம்மா, காதுக்கு எல்லாம் ஷன்தானே, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் 20 தரம் எழுதிப் பாடமாக்குகிறாள், விடிந்தால் மறந்துவிடுகிறது. நேற்று இரவு கொப்பிக்கு மேலே தலையை வைத்து அழுதுவிட்டாள். வேறு வழி இருக்கிறதா?

ஆரையம்பதி, ரியூசன் ஆசிரியர்:

தங்கச்சி, முதலில் அந்த 20 தரம் எழுதுகிற வேலையை நிறுத்துங்கள். பிள்ளை கேட்ட கேள்வி மிகச் சரியானது. காதால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தச் சொல் எந்தச் சொல்லில் இருந்து பிறந்தது என்று பார்த்தால்தான் பிடிபடும்.

எடியூகேட், இன்வென்ட் இரண்டும் ரீ ஒலியில் முடிகின்றன. அதனால் எடியூகேஷன், இன்வென்ஷன் இரண்டிலும் அந்த ரீ அப்படியே நிற்கும்: ரீ-ஐ-ஓ-என். டிசைட், டிவைட், எக்ஸ்டென்ட் மூன்றிலும் முடிவில் டி ஒலி. டி போய் எஸ் வரும்: டிசிஷன், டிவிஷன், எக்ஸ்டென்ஷன், எல்லாமே எஸ்-ஐ-ஓ-என். பெர்மிட், அட்மிட் போல எம்-ஐ-ரீ என்று முடிந்தால் அந்த ரீயும் எஸ் ஆகி இரட்டிக்கும். பெர்மிஷன், அட்மிஷன் இரண்டிலும் இரண்டு எஸ். தொழில் செய்கிற ஆளைக் குறிக்கும் சொல் வேறு. மியூசிக்கின் கடைசி எழுத்து சீ. அந்த சீயை விடாமல் மியூசிஷனில் சீ-ஐ-ஏ-என். இலெக்ட்ரிக், இலெக்ட்ரீஷனும் அப்படியே.

விலக்குகள் உண்டு. அட்டென்ட் டியில் முடிந்தாலும் அட்டென்ஷனுக்கு ரீ. கொன்வேர்ட் ரீயில் முடிந்தாலும் கொன்வேர்ஷனுக்கு எஸ். இவற்றை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

எக்ஸாமினேஷன் போன்ற சொற்களில் தாய்ச் சொல் எக்ஸாமின். அதன் கடைசி ஈ விழுந்து, ஏ-ரீ-ஐ-ஓ-என் என்ற ஐந்தெழுத்தும் ஒன்றாக வந்து ஒட்டும். இன்ஃபோமேஷனிலும் அதே ஐந்தெழுத்துத்தான் ஒட்டும், இன்ஃபோமில் விழுவதற்கு ஈ மட்டும் இல்லை.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்:

மகள், உங்கள் பிள்ளைக்கு இது தெரியாத வித்தை இல்லை. தமிழ்ப் பாடத்தில் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரிக்கிறாள்தானே? 'படித்தான்' என்பதை ஐந்து எழுத்தாக யாரும் பாடமாக்குவதில்லை. படி, த், த், ஆன். மேலே ஆசிரியர் சொன்னதும் பகுதி, விகுதிதான். நான் எழுத்து இரட்டிக்கிற விடயத்துக்கு வருகிறேன், பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் அது.

மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பின்னால் ககரம் வருவதால் மகரமெய் ஙகரமெய்யாக மாறிக்கொண்டது. நாக்குக்கு லேசான வழி அது. இலத்தீனிலும் இதே புணர்ச்சி நடந்திருக்கிறது, ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இன் என்ற முன்னொட்டோடு மைக்ரேஷன் சேரும்போது, பின்னால் வரும் எம்முக்காக என் மாறி எம் ஆகிறது. இமிக்ரேஷனில் இரண்டு எம் வந்தது இப்படித்தான். லீகலோடு சேர்ந்தால் இரண்டு எல், ரெகியூலரோடு சேர்ந்தால் இரண்டு ஆர். முதலாவதில் இன் 'உள்ளே' என்று பொருள்படும், மற்ற இரண்டிலும் 'அல்லாத' என்று. பொருள் வேறு, புணர்ச்சி ஒன்று.

இதைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டலாம். கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவத்தில் குடிவரவு, குடியகல்வு திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். உள்ளே வருகிற இமிக்ரேஷனில் இரண்டு எம். வெளியே போகிற எமிக்ரேஷனில் ஒன்றுதான். அங்கே முன்னொட்டு வெறும் ஈ, இரட்டிக்க அதில் மெய்யே இல்லை.

இனி அக்கொமடேஷன். அட், கொம், மோட் என்ற மூன்று துண்டும் ஏ-ரீ-ஐ-ஓ-என் என்ற வாலும் அதில் இருக்கின்றன. அட்டின் டி, பின்னால் வரும் சீயைப் பார்த்துத் தானும் சீயாகிறது. இரண்டு சீ கிடைத்துவிட்டது. கொம்மின் கடைசி எம்மும் மோட்டின் முதல் எம்மும் அருகருகே நிற்கின்றன. இரண்டு எம்மும் கிடைத்துவிட்டது. மொத்தம் 13 எழுத்து, பிள்ளை நினைவில் வைக்க வேண்டியது நாலு துண்டு. பொத்துவிலில் அறுகம்குடாப் பக்கம் போனால் தங்குமிடப் பலகைகளில் ஒற்றை எம்மோடு இந்தச் சொல்லை நான் பல தரம் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பலகைகளைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள். கடலும் பார்த்த மாதிரி ஆகும்.

கல்முனை, தாதி:

அக்கா, ஐயா சொல்வது முழு உண்மை. நான் பயிற்சிக்குப் போன புதிதில் நோய்ப் பெயர்களைப் பார்த்துப் பயந்து, இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். ஐ-ரீ-ஐ-எஸ் என்று முடிந்தால் அழற்சி, ஈ-சீ-ரீ-ஓ-எம்-வை என்று முடிந்தால் வெட்டி அகற்றுவது என்று ஒரு மூத்த அக்கா சொல்லித் தந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஹெப்பட்டைட்டிஸ் ஈரலில், ரொன்சிலைட்டிஸ் தொண்டையில், வால் ஒன்றுதான். இப்போது புதிய பெயர் வந்தால் நான் பின்பக்கத்தில் இருந்துதான் வாசிக்கிறேன்.

ஏறாவூர், ஒரு வாப்பா:

இதிலேயே கேட்டுவிடுகிறேன். என் மகனுக்கு ஓ-யூ-ஜீ-எச் வருகிற சொற்கள்தான் பிரச்சினை. த்ரூ, டஃப், கொஃப், தோ, எல்லாவற்றிலும் அதே நாலு எழுத்து, ஒலி நாலு விதம். இதையும் துண்டு பிரிக்கலாமா?

ஆரையம்பதி, ரியூசன் ஆசிரியர்:

இல்லை அண்ணை, அது விகுதி இல்லை. அந்த ஜீ-எச் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி வந்த ஒலி. சில சொற்களில் அது அடியோடு தேய்ந்தது, சிலவற்றில் எஃப் ஒலியாகத் திரும்பியது. இங்கிலாந்தில் கக்ஸ்டன் 1476இல் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது, ஒலி மட்டும் மாறிக்கொண்டே போனது. இங்கே ஒலி ஒத்துவரும் சொற்களைக் கூட்டமாக்கிப் படிப்பியுங்கள். எஃப் ஒலிக் கூட்டம் ஒரு நாள், ஜீ-எச் ஒலிக்காத கூட்டம் இன்னொரு நாள். நீண்ட சொல்லும் தானாக வரும். த்ரூ தெரிந்தவனுக்கு த்ரூஅவுட் கஷ்டமில்லை.

களுவாஞ்சிக்குடி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கிழமை எழுதி அடிக்காமல், பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்க மட்டும் விட்டேன். அக்கொமடேஷனை மூன்று கோடு போட்டுப் பிரித்தாள், பிறகு பார்க்காமலே எழுதினாள், சரி. இன்று அதே 20 சொல்லில் மூன்றுதான் பிழை. அதில் ஒன்று சஜெஸ்சன். சஜெஸ்ட் ரீயில் முடிகிறது என்று தெரிந்தும், "இது ஷன் இல்லையே, சன் என்றுதானே கேட்குது" என்று சீ-எச் போட்டுவிட்டாள்.

ஆரையம்பதி, ரியூசன் ஆசிரியர்:

காது நன்றாக வேலை செய்கிறது தங்கச்சி. எஸ்ஸுக்குப் பின்னால் ரீ-ஐ-ஓ-என் வந்தால் ஒலி அப்படித்தான் மாறும். குவெஸ்சன், டைஜெஸ்சன் இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டி, மூன்றிலும் எஸ்ஸுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள்.